மாத்திரையோடு பால் வேண்டாம்: ஒரு நடுக்குவாத நோயாளியின் பாதங்கள்

அவருடைய வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் ஒன்று உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. அதை முதலில் கண்டவர் செவிலியர். படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்ப்பதற்காகக் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தபோது கண்ணில் பட்டிருக்கிறது. “இது எப்போது ஆனது ஐயா?” என்று கேட்டேன். “எது?” என்று திருப்பிக் கேட்டார்.

மனைவிதான் கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். சித்திரை வெயில். பிராகாரத்தில் போட்டிருந்த தேங்காய்நார் விரிப்பில் கூட்டம் நெருக்கியதால் இவர் கருங்கல் தரையில் இறங்கி, தமக்கே உரிய சின்னச் சின்ன அடிகளாக வைத்து முழுச் சுற்றும் வந்திருக்கிறார். “எல்லாரும் குதித்துக் குதித்து ஓடினார்கள். இவர் மட்டும் ஆற அமர வந்தார். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்” என்றார் அந்த அம்மாள்.

பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், உள்ளவர் மெதுவாக நடப்பதில் வியப்பில்லை. சுடுகல்லில் மெதுவாக நடந்தார் என்பதுதான் செய்தி. நடுக்குவாதம் காலைத் தளர்த்தும், இறுக்கும், தரையோடு ஒட்டவைக்கும். சூட்டை மறைக்காது என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்து எழுதிய சிறுநூலின் தொடக்கத்திலேயே, புலன்களுக்கும் அறிவுக்கும் கேடு வருவதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் ஆதாரமாகக் காட்டியது ஆறே பேரை. அவர்களில் சிலர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. யாருடைய பாதத்தையும் ஊசியால் குத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரி எங்கள் தலைக்குள் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது. என் தலையில் இன்னும் கொஞ்சம் அதிக நாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் பெரியவரின் கதை, ஒரே வகைத் தொல்லையோடு வந்த சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக்கியது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக வயது, ஊர், தேதிகளை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது என் பிழையை.

நெசவாளியும் அவருடைய மாத்திரைகளும்

வயது 68. பட்டுத்தறி நெசவாளி. பதினான்கு வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். 59-ஆவது வயதில் வலது கட்டைவிரலில் மெல்லிய நடுக்கம் தொடங்கியது. நாடாவை விரட்டும் கயிற்றை இழுக்கிற கை அது. ஒரு சேலைக்கு ஆகும் நாள் கூடிக்கொண்டே போனதைக் கடைக்காரர்தான் முதலில் கவனித்தாராம். நோய் கண்டறியப்பட்டு, மூளையில் குறைந்துபோன டோபமைன் என்ற பொருளை ஈடுகட்டும் லெவோடோபாவும் அதற்குத் துணையான கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை தொடங்கியதும் கை இளகியது. மறுபடி இரண்டு ஆண்டு தறியில் உட்கார்ந்தார். மாத்திரைக்கு அவ்வளவு நன்றாகக் கை இளகியதே, இது பார்க்கின்சன் நோய்தான் என்பதற்குப் பெரிய சான்று.

என்னிடம் வந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. கொப்புளத்தோடு வந்த நாளில், 100 மி.கி. லெவோடோபா உள்ள மாத்திரையை வேளைக்கு ஒன்றரை வீதம் ஐந்து வேளை எடுத்துக்கொண்டிருந்தார். அதாவது நாளைக்கு 750 மி.கி.

இதற்கு முன் இரண்டு முறை அவர் காலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். என் குறிப்பேடு சாட்சி. முதல் முறை: “உள்ளங்கால் மதமதப்பு, இரவில் எரிச்சல்.” பக்கத்தில் என் கையெழுத்தில், “மருந்து தீரும் நேரத்து உணர்வா?” என்று ஒரு கேள்விக்குறி. இரண்டாம் முறை அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன்: “பொங்கலுக்கு மகனுடைய தறியில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். எந்த மிதியில் கால் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கை மறந்தது புரிகிறது டாக்டர், கால் ஏன் மறக்க வேண்டும்?” இவ்வளவு துல்லியமாக ஒருவர் சொன்ன பிறகும், விரல்களைத் தட்டச் சொல்லி வேகத்தைப் பார்த்தேன், மணிக்கட்டைச் சுழற்றி இறுக்கத்தைப் பார்த்தேன், நடக்கச் சொல்லிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

எனக்குச் சாக்குகள் உண்டு. இந்த நோயில் கால் உணர்வு பற்றிய புகார் பல வழிகளில் வரும். மருந்தின் வீரியம் இறங்கும் நேரத்தில் குறுகுறுப்பும் வலியும் வந்து, அடுத்த மாத்திரைக்கு மறைந்துவிடும். விடியற்காலையில் பாத விரல்கள் மடங்கி முறுக்கிக்கொள்ளும். இரவில் காலை ஆட்டாமல் இருக்க முடியாத அமைதியின்மை வரும். இவையெல்லாம் மூளையிலிருந்து கிளம்புபவை. மாத்திரை நேரத்தை மாற்றினால் மாறுபவை. இவருடைய மதமதப்போ காலை, மாலை, மாத்திரைக்கு முன், பின் என்று எந்த வித்தியாசமும் காட்டாமல் ஒரே சீராக இருந்தது. அதை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இடையில் வேறோர் இடத்தில் இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்து, நான்காவது ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டு பிதுங்கியிருக்கிறது என்று சொல்லி இரண்டு மாதம் பெல்ட் கட்டவைத்திருக்கிறார்கள். அறுபது தாண்டியவரின் இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமே இல்லை என்றால்தான் வியக்க வேண்டும். வட்டு நரம்பை நசுக்கினால் வலி பெரும்பாலும் ஒரு காலில், ஒரு பட்டையாக இறங்கும். இரண்டு பாதங்களும் ஒன்றுபோல, சாக்ஸ் மாட்டியதுபோல மரக்காது.

பாதத்தைப் பார்த்தபோது

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி அவருடைய பெருவிரல் எலும்பின் மேல் வைத்தேன். “அதிர்வு தெரிகிறதா?” “குளிர்ச்சியாக இருக்கிறது.” “அதிர்கிறதா?” யோசித்தார். “இல்லை.” என் விரல்களில் கவை இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கணுக்கால் எலும்பில் வைத்தேன், இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வைத்ததும் முகம் மாறியது. “ஆமாம், இங்கே வண்டு மாதிரி” என்றார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலை மேலும் கீழுமாக மெல்ல அசைத்து எந்தத் திசை என்று கேட்டேன். பத்து முறையில் நான்கு முறை தவறாகச் சொன்னார், அதுவும் தயங்காமல்.

ஊசி நுனியின் கூர்மை, கெண்டைக்காலின் பாதிக்கு மேல்தான் தெரிந்தது. முழங்கால் அனிச்சை, அதாவது சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறுவது, இருந்தது. கணுக்கால் அனிச்சை இரண்டு பக்கமும் இல்லை. உள்ளங்காலைக் கீறியபோது விரல்கள் இயல்பாகக் கீழ்நோக்கி மடங்கின. முதுகுத்தண்டு பெரிதாகக் கெட்டிருந்தால் மேல்நோக்கி விரிந்திருக்கும். கைகளில் உணர்வு இயல்பு. பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னேன். இரண்டு விநாடியில் சாய்ந்தார், பிடித்துக்கொண்டேன். கடந்த ஆறு மாதத்தில் நான்கு முறை விழுந்திருக்கிறார் என்ற தகவலுக்கு அப்போதுதான் சரியான பொருள் கிடைத்தது. நான்கில் மூன்று, விளக்கணைத்த பிறகு கழிவறைக்குப் போகும்போது. பார்க்கின்சன் நோயில் விழுவது வழக்கம்தான். ஆனால் இருட்டில் மட்டும் விழுகிறவர், கண்ணை வைத்துக்கொண்டு காலை ஈடுகட்டி வந்தவர்.

படுத்திருந்தபோது ரத்த அழுத்தம் 138/82. எழுந்து நின்று மூன்றாவது நிமிடத்தில் 112/70. இதை இந்த நோயின் தனிப் பகுதியாக எண்ணி ஒதுக்குவது வழக்கம். யோசித்தால் இதுவும் புற நரம்புக் கதைதான், மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வெளியே ஓடும் நரம்புகளின் கதை. இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் போகும் சிம்பதெடிக் நரம்பு நுனிகள் இந்த நோயில் உதிர்கின்றன. இதயத்துக்குப் போகும் அந்த நரம்புகள் குறைந்திருப்பதைக் காட்டும் கதிரியக்கப் படம், 2015-ல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட பார்க்கின்சன் நோயறி விதிகளில் துணைச் சான்றாகவே இடம்பெற்றிருக்கிறது.

நம் ஊரில் மரத்துப்போன பாதத்தைக் கண்டால் தொழுநோயை நினைக்காமல் விடக் கூடாது. தோலில் வெளிறிய தேமல் ஏதும் இல்லை. முழங்கைக்குப் பின்னாலும் முழங்கால் பக்கவாட்டிலும் தொட்டுப் பார்த்த நரம்புகள் தடித்திருக்கவில்லை.

நரம்பு மின்கடத்தல் பரிசோதனையில் முக்கால் மணி நேரம் போனது. நடுங்குகிற காலில், சில மைக்ரோவோல்ட் உயரமே உள்ள உணர்வு அலையைத் தேடுவது, சந்தைக்கடையில் கிசுகிசுப்பைக் கேட்பது போல. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் வரவழைத்து, அறையைச் சூடாக வைத்து, அவர் மனைவியைப் பக்கத்தில் பேசாமல் உட்காரவைத்து எடுத்தோம். கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பில் வலது பக்கம் 2 மைக்ரோவோல்ட். ஆறுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். இடது பக்கம் அலையே இல்லை. கடத்தும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. கம்பியின் உறை நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் செம்பு இழைகள் அற்றுப்போகின்றன என்று பொருள். நீளமான நரம்புகளின் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறும், உணர்வு நரம்புகளை முதலில் தின்னும் சிதைவு.

காரணம் தேடிய கதை

சர்க்கரை இல்லை, மூன்று மாதச் சராசரி 5.8. மது தொட்டதில்லை. தைராய்டு, சிறுநீரகம், ரத்தப் புரதங்கள் எல்லாம் இயல்பு. ஹீமோகுளோபின் 11.9. சிவப்பணுக்களின் சராசரி அளவு 98, மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே.

நரம்புகளுக்கு வேண்டிய வைட்டமின் பி12-இன் அளவு 236 பிகோகிராம். ஆய்வகம் அச்சிட்டிருந்த இயல்பு எல்லை 211-இலிருந்து தொடங்கியதால் தாளில் எந்த நட்சத்திரக் குறியும் இல்லை. இந்த எண்ணைப் பார்த்து “நார்மல்” என்று எழுதி அனுப்பிவிடுவது மிகச் சுலபம். 200-க்கும் 350-க்கும் இடைப்பட்ட பி12 எண்ணை நான் நம்புவதில்லை. ரத்தத்தில் மிதப்பது எவ்வளவு என்றுதான் அது சொல்கிறது. செல்லுக்குள் அது வேலை செய்கிறதா என்று சொல்வதில்லை. வேலையைக் காட்டுபவை, பி12 போதாதபோது ரத்தத்தில் தேங்கும் இரண்டு கழிவுகள்: ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம்.

ஹோமோசிஸ்டீன் 34 வந்தது. 15-க்குள் இருக்க வேண்டும். ஆனால் லெவோடோபா எடுப்பவரிடம் இந்த எண் மட்டும் போதாது. ஏன் என்று கீழே வருகிறது. மெத்தில்மலோனிக் அமிலத்துக்கு மாதிரியைப் பெருநகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, செலவும் அதிகம். அந்தக் குடும்பத்திடம் இரண்டு முறை காரணம் விளக்கிய பிறகே அனுப்பினேன். 0.62 மைக்ரோமோல் என்று வந்தது, 0.4-க்குள் இருந்திருக்க வேண்டும். சிறுநீரகம் சரியாக இருக்கும்போது இந்த அமிலம் ஏறினால் அதற்கு ஏறக்குறைய ஒரே பொருள்தான்: செல்லுக்குள் பி12 போதவில்லை.

ஏன் போதவில்லை? “சைவம்தான், ஆனால் பால், தயிர் சேர்ப்பவர்” என்று பழைய குறிப்பில் இருந்தது. உறுதிசெய்துகொள்வதற்காகக் கேட்டேன்.

“பாலா?” என்றார் அந்த அம்மாள். “பாலை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறதே.”

“ஏன்?”

“நீங்கள்தானே டாக்டர் வேண்டாம் என்றீர்கள்?”

நான் சொன்னது, “மாத்திரையோடு பால் வேண்டாம்” என்று. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பாலிலும் பருப்பிலும் இருந்து வரும் அமினோ அமிலங்களோடு குடல் சுவரிலும் மூளையின் வாசலிலும் ஒரே கதவுக்கு முட்டிமோத வேண்டியிருக்கிறது. அதனால் மாத்திரையை உணவுக்கு அரைமணி முன்பாகவோ ஒரு மணிக்குப் பிறகோ எடுக்கச் சொல்கிறோம். முதல் சந்திப்பில், வெளியே முப்பது பேர் காத்திருக்க, இதை நான் நாலு சொல்லில் முடித்திருக்கிறேன். ஐந்து வேளை மாத்திரை எடுப்பவருக்கு மாத்திரை இல்லாத வேளை எது? அவர்கள் வீட்டில் அது “பால் வேண்டாம்” ஆயிற்று. பிறகு தயிரும் பால்தானே என்று அதுவும் போயிற்று. காலையில் வரக்காப்பி. மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், அத்தோடு முடிந்தது. இரவு டம்ளர் பாலுக்குப் பதில் வெந்நீர். நெய் மட்டும் இருந்தது. நெய்யில் பி12 கிடையாது.

முட்டையும் மீனும் தொடாத ஒருவருக்குப் பாலும் தயிரும்தான் பி12-க்கு இருந்த ஒரே வழி. நாளைக்குத் தேவைப்படுவது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ அது கிடைத்துவிடும். நிறுத்தியதும் தெரியாது, கல்லீரலில் சில ஆண்டுக்கான இருப்பு உண்டு. இருப்புக் கரைந்து கால் மரக்கும்போது, நிறுத்திய நாளை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

மேலும் இரண்டு விஷயங்கள் அன்றைக்கே வெளிவந்தன. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் நெஞ்சு கரிக்கிறது என்று மருந்துக்கடையில் வாங்கிய அமிலக்குறைப்பு மாத்திரை, மூன்றரை ஆண்டாகத் தினம் ஒன்று. வயிற்று அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிவதும் குறையும். சர்க்கரைக்காரர்கள் எடுக்கும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். அது இவருக்கு இல்லை, நடுக்குவாதமும் சர்க்கரையும் சேர்ந்த மற்றவர்களிடம் நான் இப்போது தவறாமல் தேடுவது.

இன்னொன்றை அம்மாள் தயங்கித்தான் சொன்னார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூனைக்காலி விதைப்பொடி, காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி. “அது மருந்தில்லையே டாக்டர், பயறுதானே” என்றார் பெரியவர். பயறுதான், அந்தப் பயற்றின் எடையில் சுமார் 5 சதவீதம் வரை லெவோடோபா. நடுக்கத்துக்கு நம் வைத்தியர்கள் அதைக் கொடுத்தது வெறும் நம்பிக்கையில் அல்ல. பழி பொடியின் மேல் இல்லை. என் கணக்கில் அது இல்லாமல் போனதுதான் தொல்லை. வேதிப்பொருளின் அளவு விதைக்கு விதை, பக்குவத்துக்குப் பக்குவம் மாறும். ஆனாலும் 750 மி.கி. என்று நான் எழுதி வைத்திருந்தவர், 1,000-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார் என்று கொள்ளலாம். காலையில் அவருடைய தோளும் கழுத்தும் அலைபாய்ந்து ஆடியதற்கும் அப்போது விடை கிடைத்தது; லெவோடோபா மிகுந்தால் வரும் ஆட்டம் அது.

நோயா, மருந்தா?

லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாற வேண்டிய பொருள். வழியில் இரண்டு நொதிகள் அதை மறிக்கின்றன. முதலாவது, அங்கேயே அதை டோபமைனாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கிறார்கள். அந்த வாசலை அடைத்ததும் கூட்டம் அடுத்த வாசலுக்குத் திரும்புகிறது. அங்கே நிற்பது சி.ஓ.எம்.டி. என்ற நொதி. லெவோடோபாவின் மேல் மீத்தைல் என்ற சிறு அணுத்தொகுதியை ஒட்டி அதைப் பயனற்றதாக்கும் வேலை அதற்கு. மீத்தைலைக் கொடுக்கும் மூலக்கூறு, கொடுத்துவிட்டு ஹோமோசிஸ்டீனாக எஞ்சுகிறது. அதை மறுபடி பழைய நிலைக்குத் திருப்ப பி12-உம் ஃபோலிக் அமிலமும் வேண்டும். வேறு வழியில் கழிக்க பி6 வேண்டும். கார்பிடோபா போதாக்குறைக்கு பி6-இன் செயல்வடிவத்தைப் பிடித்து முடக்கிவிடுகிறது. ஆக, ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் இந்த வைட்டமின்களின் கணக்கில் ஒரு செலவு எழுதப்படுகிறது. வரவு நன்றாக இருப்பவருக்கு இது பெரிதல்ல. பாலை நிறுத்திய சைவருக்குப் பெரிது.

ஹோமோசிஸ்டீன் மட்டும் போதாது என்று சொன்னது இதனால்தான். பி12 நிறைவாக இருந்தாலும் லெவோடோபா அதை ஓரளவு ஏற்றும். மெத்தில்மலோனிக் அமிலம் இந்த மீத்தைல் வியாபாரத்தில் இல்லாதது; அது ஏறினால் பி12-ஐத்தான் கேட்க வேண்டும்.

கனடாவின் கால்கரியில் இருந்து 2010-ல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் புறநரம்புச் சிதைவு இருந்தது; ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிதைவின் கடுமையும், உட்கொண்ட மொத்த லெவோடோபாவும், மெத்தில்மலோனிக் அமிலமும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறின. இங்கிலாந்தின் லெஸ்டரில் 2011-ல் 37 நோயாளிகளையும் அதே எண்ணிக்கையில் மற்றவர்களையும் பார்த்தார்கள்: 37.8 சதவீதம், 8.1 சதவீதம். இத்தாலியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு 330 பேரை மூன்றாகப் பிரித்தது. மூன்று ஆண்டுக்கு மேல் லெவோடோபா எடுத்தவர்களில் 19.4 சதவீதத்தினருக்குச் சிதைவு. அதைவிடக் குறைந்த காலம் எடுத்தவர்களில் 6.8, எடுக்காதவர்களில் 4.8. குடலுக்குள் குழாய் வைத்து லெவோடோபா கூழை நாள் முழுவதும் செலுத்தும் சிகிச்சையில், சில வாரங்களிலேயே கால்கள் செயலிழக்கும் அளவுக்குக் கடுமையான நரம்புச் சிதைவு வந்தவர்களும் உண்டு. அந்தக் கூழின் ஒரு பெட்டியில் 2,000 மி.கி. இருக்கிறது.

இவ்வளவைப் பார்த்தால் மருந்தின் மேல் குற்றப்பத்திரிகை எழுதிவிடலாம் போலத் தோன்றும். எழுத முடியாது, எதிர்த் தரப்பிலும் வலுவான சாட்சிகள் இருக்கின்றன. நேப்பிள்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2008-ல் நோயாளிகளின் தோலில் சிறு துண்டெடுத்துப் பார்த்தபோது மேல்தோலின் மெல்லிய நரம்பிழைகளும், தொடுதலை உணரும் உறுப்புகளும் குறைந்திருந்தன. பின்னர், ஒரு லெவோடோபா மாத்திரைகூட எடுக்காத புதிய நோயாளிகளிடமும் அதே குறைவைக் கண்டார்கள். இந்த நோயில் மூளையின் டோபமைன் சுரக்கும் கருநிறச் செல்களில் திரளும் ஆல்ஃபா-சினியூக்ளின் என்ற புரதம் தோலின் நரம்புகளிலும் திரள்கிறது. 2024-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளில் 92.7 சதவீதத்தினரின் தோலில் அது இருந்தது, நோயில்லாதவர்களில் 3.3 சதவீதம்தான். நடுக்குவாதத்தை மூளை நோய் என்று மட்டும் சொல்வது இனிச் செல்லாது. அது பாதத் தோல்வரைக்கும் இருக்கிற நோய்.

என் தீர்ப்பு, இந்த ஒரு நோயாளியைப் பற்றி மட்டும், இதுதான். நோய் நேரடியாகத் தின்பது பெரும்பாலும் மெல்லிய இழைகளை. சூடு, வலி, வியர்வை, ரத்த அழுத்தம் அவற்றின் பொறுப்பு. பி12 பஞ்சம் தின்பது தடித்த இழைகளை; அதிர்வு, மூட்டின் நிலை, கணுக்கால் அனிச்சை அவற்றின் பொறுப்பு. மின்கடத்தல் பரிசோதனை தடித்த இழைகளை மட்டுமே காட்டும். பெரியவரிடம் இரண்டும் போயிருந்தன. கொப்புளத்தில் நோய்க்கும் பங்கு இருந்திருக்கலாம். இருட்டில் விழுந்ததும் மிதி தெரியாமல் போனதும் பி12 கணக்கு. முதலாவதை நிறுத்த நம்மிடம் இன்று மருந்தில்லை. இரண்டாவதற்கு இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று வாதாடிக்கொண்டிருப்பதற்கு முன் ஊசியைப் போட்டுவிடலாம்.

செய்ததும் நடந்ததும்

கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டோம். பி12 ஊசி 1,000 மைக்ரோகிராம், ஒரு வாரம் தினமும், பிறகு நான்கு வாரம் வாரத்துக்கு ஒன்று, அதன்பின் மாதம் ஒன்று. கூடவே ஃபோலிக் அமிலமும் குறைந்த அளவில் பி6-உம். பி6-இல் கையை அடக்க வேண்டும். கடைகளில் “நரம்புச் சத்து” என்று கொடுக்கும் சில மாத்திரைகளில் அது தேவைக்குப் பல மடங்கு இருக்கும். நெடுநாள் எடுத்தால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். இவருடைய பையிலும் அப்படி ஒரு பட்டை இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன்.

காரணத்தைக் கேட்டதும் மகன் முதலில் சொன்னது, “அப்படியானால் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமே டாக்டர்.” கூடாது என்பதைக் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடல் கட்டையாக இறுகி, காய்ச்சல் ஏறி, நினைவு தவறி உயிருக்கே ஆபத்தாகலாம். பூனைக்காலிப் பொடியையும் அதனால்தான் ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். பிறகு ஒவ்வொரு வேளை மாத்திரையோடும் என்டகபோன் 200 மி.கி. சேர்த்தேன். அது சி.ஓ.எம்.டி. நொதியைத் தடுப்பது; மருந்தின் வீரியம் நீளும், மீத்தைல் செலவும் குறைய வேண்டும். நரம்புக்கு அதனால் உண்மையில் எவ்வளவு காப்பு என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இவருக்கு வேளை இறுதித் தளர்ச்சியும் இருந்ததால் எப்படியும் தேவைப்பட்ட மருந்து. லெவோடோபா 650 மி.கி.க்கு இறங்கியது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்ட வேறொருவர் ரத்தம் போகிறது என்று நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடியது நினைவிருக்கிறது.

பாலுக்கு வருகிறேன். அந்த அம்மாளை எதிரே உட்காரவைத்து ஐந்து வேளை மாத்திரையையும் தாளில் கோடுபோட்டு எழுதினோம். காலை ஆறு, ஒன்பதரை, ஒன்று, நாலரை, எட்டு. காப்பிக்குப் பால், ஏழரைக்கு. தயிர்சாதம் மதிய உணவில், மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து. ஒரு டம்ளர் பால், இரவு ஒன்பதரைக்கு. அமிலக்குறைப்பு மாத்திரையை ஒரு மாதத்தில் இறக்கி நிறுத்தினோம். நெஞ்சு கரிப்புத் திரும்ப வரவில்லை.

பாதத்துக்குத் தனிப் பாடம். தினம் மாலை முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் சோதிப்பது, குதிகாலில் வார் உள்ள செருப்பு, கட்டிலிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு. கோயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலையில். உடற்பயிற்சியாளர் வாரம் இரண்டு நாள், ஒற்றைக் காலில் நிற்கவும் திரும்பவும் பழக்கினார்.

ஆறாவது வாரத்தில் இரவு எரிச்சல் பாதியாகியிருந்தது. மூன்றாம் மாதம் ஹோமோசிஸ்டீன் 17. மெத்தில்மலோனிக் அமிலம் இயல்பு எல்லைக்குள். ஹோமோசிஸ்டீன் முழுதாக இறங்கவில்லை, லெவோடோபா தொடர்கிறதே. ஆறாம் மாதத்துக்குள் ஒரே ஒரு முறை விழுந்திருக்கிறார். அதுவும் பேரன் விட்டுப்போன பொம்மைக் காரில் இடறி. ஓராண்டு முடிந்தபோது கணுக்கால் எலும்பில் அதிர்வு தெரிந்தது. பெருவிரலில் தெரியவில்லை. கணுக்கால் அனிச்சை திரும்பவில்லை. நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதில் ஊசியால் எந்த மாற்றமும் இல்லை. அதை வேறு வழியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது சூரல் நரம்பில் 3 மைக்ரோவோல்ட். இடதில் இன்னும் வெற்றுக்கோடுதான்.

என் பக்கத்தில் மாறியது, பார்க்கின்சன் நோயாளிகளின் தாளில் ஒரு புதிய வரி. ஆண்டுக்கு ஒரு முறை: செருப்பு கழற்றியாயிற்றா, இசைக்கவை, பி12, வீட்டில் வேறு என்ன பொடி. லெவோடோபாவைத் தொடங்கும் நாளிலேயே பி12 பார்த்துவிடுகிறேன். இதற்கெல்லாம் கூடுதலாக ஆகும் நேரம் ஏழு நிமிடம். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்.

மாத ஊசியை அவர்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்கிறார்கள். தேதியை அந்த அம்மாள் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்து வைக்கிறார். போன முறை வந்தபோது பெரியவர், மகனுடைய தறியில் மறுபடி உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். வலது மிதி தெரிந்ததாம். அடுத்த மின்கடத்தல் பரிசோதனை தை மாதம். இடது காலில் அலை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் எதிர்பார்க்கிறார்.